கஞ்சா கம்பெனிக்கு லைசென்ஸ் உண்டு, வாடகைக்கு வீடு உண்டா?

1911க்கு முன்னால் சித்தூர் ஜில்லா என்று ஒன்று கிடையாது. எங்கள் புத்தலப்பட்டுப் பக்கமெல்லாம் அப்போது வட ஆற்காடு ஜில்லா. கலெக்டர் உட்கார்ந்தது மட்டும் சித்தூரில். அந்தக் கலெக்டரின் எல்லைக்குள்தான் ஜவ்வாது மலையில் கஞ்சா விளைந்தது. இன்னொரு பக்கம் பாபட்லா தாலுகாவிலும் விளைந்தது. மதராஸ் ராஜதானியில் கடை போட்டு விற்கத்தான் லைசென்ஸ் வேண்டும், பயிரிட ரொம்ப நாள் வரைக்கும் பெரிய கெடுபிடி இல்லை. கொல்லைப்புறத்தில், கீரைப்பாத்தி பக்கத்தில், ஒன்றிரண்டு செடி நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கஞ்சாவையும் குடியிருக்கும் வீட்டையும் சேர்த்துப் பார்த்துப் பயப்படுவது ஆதிகாலப் பழக்கம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. அந்தப் பயத்துக்கு ஒரு வயசு உண்டு.

1893ல் லண்டன் பார்லிமெண்டில் கேள்வி எழும்பி, இந்தியாவில் ஒரு கமிஷன் போட்டார்கள். இந்திய ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் என்று பெயர். 1,193 சாட்சிகள், பல வால்யூம் அறிக்கை. பைத்தியக்கார ஆஸ்பத்திரி ரிக்கார்டுகளைத் தோண்டினார்கள். பல கேஸ்களில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்பதற்காகப் போலீஸ்காரர் 'கஞ்சா' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். (கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்கிற வியாதி அன்றிலிருந்தே இருக்கிறது பாருங்கள்.) முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்று 1894ல் அறிக்கை கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் மதராஸிலும் பயிருக்கு லைசென்ஸ், சரக்குக்குக் கிடங்கு என்று ஏற்பாடு இறுகியது. கொல்லைச் செடி சட்டவிரோதமானது அப்படித்தான்.

லைசென்ஸ் தொழில் எவ்வளவு கவுரவமாக நடக்கமுடியும் என்பதற்கு ராஜசாஹி ஜில்லா நவுகாவ் நல்ல உதாரணம். இன்றைய பங்களாதேஷ். அங்கே பயிர், பதம் எல்லாம் அரசு கண்காணிப்பில் நடக்கும், சரக்கு கோலா என்கிற கிடங்குக்குப் போய்விடும். 1917ல் விவசாயிகள் கூட்டுறவு சங்கம் வைத்தார்கள். கஞ்சா லாபத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மசூதி, ரோடு எல்லாம் வந்தது. 1987ல் பயிர் தடையானது. சங்கத்தின் சொத்துக்கள் இன்னும் இருக்கின்றன. அந்த ஊரில் கஞ்சா விவசாயி என்றால் ஊர்ப் பெரிய மனுஷன், 'உனக்கு வீடு கிடையாது' என்று சொல்ல ஆளில்லை.

இந்தியாவில் கதை 1985 நவம்பரில் மாறியது. என்.டி.பி.எஸ். சட்டம். கஞ்சா பூ தடை, இலை மட்டும் தப்பித்தது, அதனால்தான் வடக்கே சில மாநிலங்களில் பாங்க் கடை. அதில் 25வது பிரிவைப் படித்துப் பாருங்கள். குற்றத்துக்குத் தெரிந்தே இடம்கொடுத்தால் வீட்டுச் சொந்தக்காரருக்கும் தண்டனை. வீடு, அறை, வண்டி, மாடு வரைக்கும் எழுதியிருக்கிறது! அமெரிக்காவும் 1986ல் இதேமாதிரி ஒரு ஃபெடரல் சட்டம் கொண்டுவந்தது. அதாவது ரெண்டு தேசமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஹவுஸ் ஓனரைக் காவல்காரராக்கின.

இந்தப் பின்னணியில்தான் கொலராடோவைப் பார்க்கவேண்டும். 2012ல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள், 2014 ஜனவரி 1ல் கடை திறந்தது. மாநிலத்துக்குச் சட்டபூர்வம், ஃபெடரலுக்குக் குற்றம். ஓனர்களுக்கு 2011 மறந்திருக்காது. அந்த வருஷம் கலிபோர்னியாவில் மருத்துவக் கஞ்சா கடைகளுக்கு இடம்விட்டவர்களுக்கு, கட்டிடத்தைப் பறிமுதல் செய்வோம் என்று ஃபெடரல் வக்கீல்கள் கடிதம் அனுப்பினார்கள். அது கடைக்கு வந்த கடிதம், வேலைக்காரன் தூங்கும் வீட்டுக்கு இல்லை. ஆனால் பயத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

என் நண்பன் ஒருவன் டென்வரில் லைசென்ஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறான். இலையைத் தொட்டதுகூட இல்லை. அபார்ட்மெண்ட் கேட்டுப் போனால், எங்கே வேலை என்கிற கட்டம் வரைக்கும் எல்லாம் சுமுகம். "மச்சான், ஊர்ல ஜாதி கேப்பான், இங்க எம்ப்ளாயர் கேக்குறான்" என்றான். ரெண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தோன்றினாலும் அப்போது வாதாடவில்லை. 1968 ஃபேர் ஹவுசிங் சட்டம் இனம், மதம், பிறந்த தேசம், ஊனம் போன்ற காரணங்களுக்காக வீடு மறுக்கக்கூடாது என்கிறது. வேலை அந்தப் பட்டியலில் இல்லை. சம்பளத்துக்கு ஆதாரம் காட்டுவதும் சுலபமில்லை. பல பேங்குகள் இந்தத் தொழிலைத் தொடத் தயங்கியதால் ஆரம்ப வருஷங்களில் பலருக்கு ரொக்கமாகத்தான் சம்பளம். பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டால் எங்கே போவது?

சரி, சொந்தமாக வாங்கலாம் என்றால், ஃபெடரல் அரசு உத்தரவாதம் தரும் கடன்களில் இந்தச் சம்பளத்தை வருமானமாகக் கணக்கில் எடுக்க மறுத்திருக்கிறார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கே இந்தக் கதி. கஞ்சா தொழிலில் வேலை பார்த்த ஒருவருக்கு வெட்டரன் கடன் மறுக்கப்பட்டதை மசாசூசெட்ஸ் எம்.பி. கேத்தரின் கிளார்க் 2019ல் கிளப்பினார். திருத்தம் கீழவையில் ராணுவ மசோதாவோடு நிறைவேறியது, இறுதிச் சட்டத்தில் காணாமல் போனது.

நம் ஆட்களுக்கு வீட்டைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரல் 19ல் குடியுரிமை இலாகா ஒரு அறிவிப்பு விட்டது. மாநிலத்தில் சட்டபூர்வம் என்றாலும் இந்தத் தொழிலில் ஈடுபட்டால் 'நன்னடத்தை' இல்லை என்று சொல்லிக் குடியுரிமையை மறுக்கலாம். அதே மாதம் டென்வரில் இப்படி மாட்டிய ரெண்டு புலம்பெயர்ந்தவர்களுக்காக மேயர் ஹேன்காக் அட்டர்னி ஜெனரலுக்குக் கடிதம் எழுதினார். எச்1பி-யில் வந்து கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்கிறவர் இதைப் படிக்காமல் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடக்கூடாது. நண்பன் இப்போது சேர்ந்து குடியிருக்க ரூம்மேட் தேடுகிறான், லீஸ் அவர் பெயரில் இருக்கட்டுமாம்.