அரிசியில் நஞ்சு உண்டோ?

1988-இல் பேராக் மாநிலத்தில் நஞ்சு கலந்த அரிசி மீயை உண்டு குழந்தைகள் பதின்மூவர் இறந்தனர். இத்தகைய செய்தி பரவுங்கால், கடைக்குச் செல்வோர் கண்ணுக்குத் தூயதாகத் தோன்றும் பொருளையே நாடுவர். அத்தோற்றத்தை நம்பலாமா? மலாயாவின் பழைய வரலாறு ஒன்று இதற்கு விடை தருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோயால் கால் வீங்கி, நெஞ்சு தளர்ந்து பலர் மாண்டனர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒன்றை நோக்கினார். சயாம் வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரே மிகுதியும் நோயுற்றனர். புழுங்கலரிசி உண்ட தமிழர்க்கும், வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசியை உண்ட மலாய்க்காரர்க்கும் நோய் அரிதாயிருந்தது. நாட்பட்ட வெள்ளரிசியில் நஞ்சு சேர்கிறது என அவர் கருதினார்.

1905-இல் மருத்துவர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதனை ஆராயத் தொடங்கினார். வெள்ளரிசி உண்ட 120 பேரில் 43 பேர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவர்க்கே நோய். அவர்களும் நோயோடு வந்தவர்களே. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோர் உண்மையைத் தெளிவாக்கினர். அரிசியில் நஞ்சு இல்லை. தீட்டும்போது தவிட்டோடு சத்து நீங்குவதே கேடு. நெல்லைப் புழுக்கும்போதோ அச்சத்து அரிசிக்குள் ஊறி நிலைக்கிறது.

சிறைகளில் ஆணையிட்டு அரிசியை மாற்ற முடிந்தது. கடையில் வாங்குவோரோ வெண்மையைத் தூய்மையென்றே எண்ணி வந்தனர்.

ஜெராய் மலையடியில் நெல்வயல் சூழ வாழும் யான் வட்டார மாணவர்க்கு இவ்வரலாறு நல்ல பாடமாகும். உணவைப் பற்றி அச்சம் எழும்போது, உண்டவர் யார், உண்ணாதவர் நிலை யாது என ஒப்பிட்டு நோக்கக் கற்பிப்போம்.