டிமென்ஷியா: வாழ்க்கைத்துணையின் துக்கம்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு ஆளானவரைக் கவனித்துக்கொள்ளும் கணவரோ மனைவியோ படும் பாட்டை மருத்துவ உலகம் நெடுங்காலமாகப் பராமரிப்புச் சுமையாகவே அளந்து வந்திருக்கிறது. 1980-இல் ஸ்டீவன் ஸாரிட்டும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய வினாப்பட்டியல் இன்றும் அதற்குப் பயன்படுகிறது. நேரமின்மை, பணமுடை, உடல்நலக்கேடு எல்லாம் உண்மையான துன்பங்களே. ஆனால் ஆள் வைத்து வேலையைக் குறைத்தாலும் தீராத துன்பம் ஒன்று மிஞ்சுகிறது. அது துக்கம், சாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும் துக்கம். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், உடல் கண்ணெதிரே இருக்க மனம் விலகிப்போவதையும் அத்தகைய முடிவு தெரியாத இழப்பாகவே கண்டார். சாவு வீட்டில் ஊர் கூடும், துக்கம் விசாரிக்கும். இங்கே விசாரிக்க எவரும் வருவதில்லை. பெற்றோரை இப்படி இழக்கும் பிள்ளைகளுக்குத் தமக்கென ஒரு குடும்பம் இருக்கக்கூடும். துணைவருக்கோ, சேர்ந்து வாழ்ந்த காலத்தின் மற்றொரு சாட்சியே இல்லாமற்போகிறது.

அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், அல்சைமர் நோயுற்ற கணவர் ஜானைக் கவனிப்பதற்காக 2006-இல் பதவியை விட்டு விலகினார். பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தபின் ஜான் அங்கிருந்த வேறொரு பெண்ணிடம் பற்றுக்கொண்டதை 2007-இல் மகன் வெளிப்படையாகச் சொன்னார்; கணவர் நிம்மதியாக இருப்பதில் தாய்க்கு மகிழ்ச்சி என்றும் தெரிவித்தார். இழப்பும் அன்பும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

உயிரோடிருப்பவருக்காக அழுவது அவரைக் கைவிடுவதாகாதா என்று கேட்கலாம். ரிச்சர்ட் ஷுல்ஸ் குழுவின் 2003-ஆம் ஆண்டு ஆய்வில், டிமென்ஷியா நோயாளிகளைப் பராமரித்த குடும்பத்தினரில் 72 விழுக்காட்டினர் அவர்களின் மரணம் தமக்கு ஆறுதலாக இருந்தது என்றனர். இறுதிவரை உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களின் வாய்மொழி இது; இதை அன்பின்மை என்று தள்ளுவது அநீதி. பராமரிப்பில் மனநிறைவும் உண்டே என்பது இன்னொரு மறுப்பு. உண்டுதான். ஆனால் நிறைவைக் காட்டித் துக்கத்தை மறைக்கும்போது, துணைவர் உதவி கேட்கவே கூசுகிறார். அந்த உதவி நோயாளிக்கும் பயன்படுகிறது. மேரி மிட்டல்மன் நியூயார்க்கில் 406 துணைவர்களிடம் நடத்திய ஆய்வில், குடும்பத்தோடு மனநல ஆலோசனையும் தொடர்ந்த ஆதரவும் பெற்றவர்கள் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது, இடைநிலை மதிப்பில், 557 நாட்கள் தள்ளிப்போயிற்று.