பொறுத்துக்கொண்ட சுவர்

பொறுமை புண்ணியம். தீமையைப் பொறுத்துக்கொள்வதும் புண்ணியம்தானா? பெரிய நன்மை கெட்டுவிடும் என்ற நிலையில் ஆள்பவர் ஒரு தீமையைத் தடுக்காமல் விடலாம் என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். விடலாம் என்றாரே தவிர, அது நல்லது என்று சொல்லவில்லை. இந்த வேறுபாடு நம் மண்ணில் என்ன பாடுபட்டது என்று பார்ப்போம்.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் குல வழக்கங்களே என்று வாதாடினார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி இசைவு தந்தார். மக்களை மதித்த செயல் அது; அதில் குறை காண நாம் வரவில்லை. ஆனால் வழக்கம் என்று திறந்த கதவு வழியே தீண்டாமையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

1704-இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரியில் இருந்த தூர்னோன், நோயுற்ற பறையர் குல மக்களின் வீட்டுக்குள் சென்று அருளடையாளங்கள் வழங்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். எண்ணிப் பாருங்கள், இதற்கும் ஓர் ஆணை தேவைப்பட்டது! அந்த வீட்டில் நுழைந்தால் மேல்சாதியார் திருமறையை விட்டுப் போய்விடுவார்கள் என்பதே மறைபரப்பாளர்களின் பதில். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்த அச்சமும் பொய்யல்ல. நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின், 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் முடிவு சொன்னார். அம்மக்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்குவதாக இயேசு சபையார் சொன்னதை ஏற்றுக்கொண்டார். நோயாளிக்குக் குரு கிடைத்தார். பிரிவினைக்கோ ஓர் ஏற்பாடே கிடைத்துவிட்டது.

ஏற்பாடு பின்னர் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோவிலுக்குப் பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் பகுதி இரண்டு. வெள்ளாளர் ஒரு புறம், நாடார் முதலானோர் மறு புறம், நடுவே சுவர். நாள்தோறும் பீடத்தில் நின்ற குருவுக்கு இரு பக்கமும் தெரிந்திருக்கும்.

1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. தனியிடம் எங்கள் உரிமை, அது நெடுநாள் வழக்கம் என்று சிலர் வழக்காடினார்கள். விட்டுக்கொடுத்தது அவர்கள் கண்ணில் பட்டாவாக மாறியிருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இத்தகைய சுவர் இன்னும் நிற்கிறது. ஏன் இடிக்கவில்லை என்று கேட்டால் 1704-இல் சொன்ன அதே பதில்தான் வருகிறது: கை வைத்தால் அவர்கள் கோவிலுக்கு வர மாட்டார்கள், சாமி.