உயர்திறன் பொழுதுபோக்கு ராக்கெட் மோட்டார்

பொழுதுபோக்காக ராக்கெட் ஏவுவோர் பயன்படுத்தும் மோட்டார்களில், மொத்தக் கணத்தாக்கு (எரியும் நேரம் முழுவதும் கிடைக்கும் உந்துவிசையின் கூட்டு அளவு) 160 நியூட்டன்-நொடியைத் தாண்டுபவை உயர்திறன் மோட்டார்கள் எனப்படுகின்றன. இவை ஆங்கில எழுத்து வரிசையில் வகைப்படுத்தப்படும். ஜி வரை உள்ளவை சிறியவை. எச் முதல் உயர்திறன் வகை தொடங்குகிறது. ஒவ்வோர் எழுத்தின் உச்ச வரம்பும் முந்தைய எழுத்தைப் போல இருமடங்கு என்பதால், எம் வகையை எட்டும்போது அளவு 5,120 முதல் 10,240 நியூட்டன்-நொடி வரை ஆகிவிடும். கே550டபிள்யூ என்று ஒரு மோட்டாரின் மேல் எழுதியிருந்தால், அது கே வகை, சராசரி உந்துவிசை 550 நியூட்டன், சுடர் வெள்ளை என்று பொருள். எரியும் நிறம் மோட்டாரின் பெயரிலேயே இடம்பெறுவது இத்துறையின் தனிச்சிறப்பு.

உயர்திறன் மோட்டாரின் வேர்கள் இரண்டு. முதலாவது கருமருந்தை இறுக்கி அடைத்த சிறு மோட்டார். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக்கடை நடத்திய ஆர்வில் கார்லைல் 1954இல் இதைச் செய்தார். ஹாரி ஸ்டைன் என்பவர் அதைப் பரப்பினார். கொலராடோவின் வெர்ன் எஸ்டெஸ் மோட்டார் அடைக்கும் இயந்திரத்தை வடிவமைத்து மலிவாக்கினார். மற்றொரு வேர் ராணுவ ஆய்வு. கலிபோர்னியாவின் பாசடேனாவில் 1942இல் ஜாக் பார்சன்ஸ் தாரையும் பொட்டாசியம் பெர்க்குளோரேட்டையும் கலந்து வார்த்த உந்துபொருளே இன்றைய கலவை உந்துபொருள்களின் முன்னோடி. பின்னர் தாருக்குப் பதில் செயற்கை ரப்பரும், பொட்டாசியம் உப்புக்குப் பதில் அம்மோனியம் பெர்க்குளோரேட்டும் வந்தன. 1950களில் அலுமினியத் தூள் சேர்ந்தது. இந்தியாவின் பிஎஸ்எல்வி ஏவுகலத்தின் முதல் நிலையில் எரிவதும் இதே குடும்பத்துக் கலவைதான்.

1970களின் தொடக்கத்தில் எனர்ஜெட் என்ற பெயரில் கலவை மோட்டார்கள் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் மறைந்தன.

1982ஆம் ஆண்டைப் பலரும் திருப்புமுனையாகக் கொள்கின்றனர். அன்றைய மாதிரி ராக்கெட் விதிகளுக்கு அடங்காத பெரிய ராக்கெட்டுகளுக்கென்று முதல் தேசியக் கூடுகை அவ்வாண்டு ஒஹாயோவின் மெடினா அருகே நடந்தது. கேரி ரோசன்ஃபீல்டின் ஏரோடெக் மோட்டார் நிறுவனமும் அதே ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. பென்சில்வேனியாவில் 1964இல் சிறுவர் குழுவாகத் தோன்றிய டிரிப்போலி ராக்கெட் சங்கம் 1980களின் நடுவில் நாடு தழுவிய அமைப்பாயிற்று. லெபனானின் டிரிப்போலி நகரிலிருந்து வந்த தங்க நாணயங்களை விற்ற பணமே குழுவின் முதல் முதலீடு, பெயரும் அதனால் அமைந்தது என்று சங்கத்தார் வழிவழியாகச் சொல்கின்றனர். 1990 அளவில் அலுமினிய உறையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. உந்துபொருள் உருளைகள், ரப்பர் வளையங்கள், நாசில் ஆகியவற்றை ஏவுபவரே கையால் கோத்து, எரிந்தபின் கழுவி மீண்டும் நிரப்புகிறார். துளையிட்ட உருளைகள் உட்புறத்திலும் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் எரிவதால், எரியும் பரப்பு பெரிதாக மாறாமல் உந்துவிசை ஏறத்தாழச் சீராக நிற்கிறது. ஒரு நூற்றாண்டு முயன்றாலும் இதைவிட எளிய விடை கிடைப்பது அரிது.

சுடரின் நிறம் வேதியியலால் அமைவது. கலவையில் எரிபொருள் சற்று மிகுதியாக வைக்கப்படுவதால், நாசிலை விட்டு வெளியேறும் வாயு காற்றோடு கலந்து மறுபடி எரிகிறது. கண்ணுக்குத் தெரியும் நீண்ட சுடரில் பெரும்பகுதி இந்த இரண்டாம் எரிதலே. அலுமினியம் கண் கூசும் வெள்ளையையும் அடர்ந்த வெண்புகையையும் தருகிறது. ஸ்ட்ரான்சியம் உப்பு சிவப்பையும் பேரியம் உப்பு பச்சையையும் தருகின்றன. சிவகாசி மத்தாப்பில் நெடுங்காலம் நிறம் தந்தவையும் இவையே. பெர்க்குளோரேட்டில் ஏற்கெனவே குளோரின் இருப்பதால் நிறம் செறிவாகிறது. கரி மிகுந்த கலவை கறுத்த புகையைக் கக்கும். டைட்டானியம் துணுக்குகள் வெளியே வந்தும் எரிந்து பொன்னிறப் பொறிகளாகச் சிதறும். காய்ந்த புல்லைப் பற்றவைக்கக்கூடும் என்பதால் பல திடல்களில் பொறி மோட்டார்களுக்குத் தடை உண்டு. அளவில் சிறியவையானாலும் அவை உயர்திறன் வகையிலேயே சேர்க்கப்படுகின்றன. வண்ண உப்புகள் உந்துதிறனைச் சற்றுக் குறைத்துவிடும் என்பதை அறிந்தே ராக்கெட் ஏவுவோர் அவற்றைத் தேர்கின்றனர்.

நீலச் சுடர் தனித்துச் சொல்லத்தக்கது. உலோகத்தூள் மிகக் குறைந்த இக்கலவையில் புகை குறைவு. சுடரின் நடுவே ஒளிரும் சாய்சதுரங்கள் வரிசையாகத் தெரியும். ஒலியை விஞ்சிய வேகத்தில் வெளியேறும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு பொருந்தாதபோது எழும் அதிர்வலைகளே இவை. அவற்றைக் கண்ணால் காண இதைவிட நல்ல மோட்டார் இல்லை. நிறத்துக்குக் காரணம் தாமிரச் சேர்மம் என்பார் சிலர். உலோக ஒளி மறைக்காத வெறும் சுடரின் இயல்பு நிறமே அது என்பார் வேறு சிலர். நிறுவனங்கள் கலவை விவரத்தை முழுமையாக வெளியிடுவதில்லை.

இம்மோட்டார்களின் வரலாற்றில், நீதிமன்றப் பதிவுகள் இருப்பதால் 2000 முதல் 2009 வரையிலான காலம் நன்கு தெரிகிறது. அமெரிக்க மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறை அம்மோனியம் பெர்க்குளோரேட் கலவையைத் தன் வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்தது. 62.5 கிராமுக்கு மேற்பட்ட உந்துபொருள் கொண்ட மோட்டாருக்கு விலக்கு இல்லை என்றும் கூறியது. உரிமம், தனிக் கிடங்கு, அதிகாரிகளின் சோதனை எல்லாம் தேவைப்பட்டன. 2002இல் வந்த வெடிபொருள் பாதுகாப்புச் சட்டம் பிடியை மேலும் இறுக்கியது. டிரிப்போலி சங்கமும் தேசிய ராக்கெட் சங்கமும் 2000இல் வழக்குத் தொடுத்தன. வழக்கின் மையக் கேள்வி ஒன்றே: இப்பொருள் வெடிபொருளுக்கு உரிய வேகத்தில் சீறி எரிகிறதா, வெறுமனே எரிகிறதா? 2006 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எந்த வேகத்தைத் தாண்டினால் வெடிபொருள் என்பதற்குத் துறை தெளிவான எல்லை சொல்லவில்லை எனக் கூறித் திருப்பி அனுப்பியது. 2009 மார்ச் 16 அன்று நீதிபதி ரெஜி வால்டன் சங்கங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பின்னர் இக்கலவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பொழுதுபோக்கினர் தங்கள் வாதத்தை அளந்தறிந்த எரிவேகத்தின் மீது நிறுத்தி, ஒன்பது ஆண்டுகள் தளராமல் நடத்தியது பாராட்டுக்குரியது.

அத்தீர்ப்புக்கு அடுத்த மாதம், 2009 ஏப்ரல் 25 அன்று, சாட்டர்ன் 5 ஏவுகலத்தின் பத்தில் ஒரு பங்கு மாதிரி மேரிலாந்தில் ஏவப்பட்டது. ஏறத்தாழ 11 மீட்டர் உயரமும் 750 கிலோ எடையும் கொண்ட அதை எட்டு என் மோட்டார்களும் ஒரு பி மோட்டாரும் தூக்கின. இங்கே பி என்பது ஓவுக்கு அடுத்த எழுத்து. அது 1,300 மீட்டருக்கு மேல் ஏறி, பாராசூட்டுகளில் இறங்கியது.

தகுதிச் சான்றுக்கு மூன்று படிகள் உண்டு. எச், ஐ முதல் படி. ஜே, கே, எல் இரண்டாம் படி. எம்மும் அதற்கு மேற்பட்டவையும் மூன்றாம் படி.

நெவாடாவின் பிளாக் ராக் பாலையிலிருந்து 2004 மே 17 அன்று தனியார் ஆர்வலர் குழு ஒன்றின் ராக்கெட், விண்வெளி எல்லையாகக் கொள்ளப்படும் 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியது. 2019இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏவியது ஏறத்தாழ 103.6 கிலோமீட்டர் எட்டியதாக அவர்களே கணக்கிட்டனர். பிழை எல்லை 5 கிலோமீட்டர் என்பதால் அது விண்வெளி எல்லையைத் தொட்டதை அவர்கள் உறுதி என்னாமல் 90 விழுக்காடு வாய்ப்பு என்றே குறித்தனர். 2024 அக்டோபரில் அதே குழுவின் மற்றொரு ராக்கெட் சுமார் 143 கிலோமீட்டர் சென்றது. இவற்றைப் பொழுதுபோக்கு மோட்டார்களோடு சேர்ப்பதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.