சொல்லும் சட்டமும்: செனட் உறுப்பினர் வில்லியம் பிராக்ஸ்மயரின் அவைப்பணி (1957–1989)

முன்னுரை

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பணியை மதிப்பிடுவோர் அவர் கொண்டுவந்த சட்டங்களை எண்ணுவது வழக்கம். அவர் அவையில் ஆற்றிய உரைகள் சட்டத்துக்கு முன்னோட்டமாகவோ, சட்டமாகாமல் போன வெறும் பேச்சாகவோ கருதப்படுகின்றன. வள்ளுவர் பொருட்பாலில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்களை அமைத்தார். அறத்துப்பாலில் பயனில சொல்லாமையையும் அமைத்தார். அவையில் பேசப்படும் சொல் எப்போது பயனுடைய சொல்லாகிறது என்னும் வினா இவ்விரண்டுக்கும் இடையே எழுகிறது.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற சான்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செனட் அவையில் 1957 முதல் 1989 வரை விஸ்கான்சின் மாநில உறுப்பினராக இருந்த வில்லியம் பிராக்ஸ்மயரின் (1915–2005) பணியாகும். இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை அமெரிக்கா ஏற்க வேண்டும் என வலியுறுத்தி அவர் 1967 முதல் 1986 வரை 3,211 உரைகள் ஆற்றினார். அவ்வுரைகள் எதைச் சாதித்தன, எதைச் சாதிக்கவில்லை என்பதை அவருடைய பிற சட்டப்பணிகளோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் அவை நுழைவும்

பிராக்ஸ்மயர் இல்லினாய் மாநிலத்தில் லேக் ஃபாரஸ்ட் என்னும் ஊரில் பிறந்தார். யேல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் பயின்றபின் விஸ்கான்சினில் செய்தியாளராகப் பணியாற்றினார். மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு முறை உறுப்பினரானார். 1952, 1954, 1956 ஆகிய மூன்று தேர்தல்களிலும் சனநாயகக் கட்சியின் சார்பில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். பொதுவுடைமையர் என்று பலர்மீது பழி சுமத்தியதால் அறியப்பட்ட செனட் உறுப்பினர் ஜோசப் மெக்கார்த்தி 1957 மே மாதம் இறந்தபோது, அவ்விடத்துக்கு ஆகஸ்டில் நடந்த இடைத்தேர்தலில் பிராக்ஸ்மயர் வெற்றி பெற்றார். பின்னர் ஐந்து பொதுத்தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். 1976, 1982 தேர்தல்களில் அவர் செய்த செலவு ஒவ்வொன்றிலும் 200 டாலருக்கும் குறைவு.

1966 முதல் 1988 வரை 10,000க்கும் மேற்பட்ட பதிவு வாக்கெடுப்புகளில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. அவைக்கு வந்த இரண்டாம் ஆண்டிலேயே தம் கட்சித் தலைவர் லிண்டன் ஜான்சன் அவையைத் தனியொருவராக நடத்துகிறார் என்று வெளிப்படையாகக் குறை கூறினார். கட்சிக்குள் தனித்து நிற்கும் துணிவும் நாள்தோறும் தவறாது வரும் ஒழுங்குமே அவருடைய அவைப்பணியின் அடிப்படை எனலாம்.

உடன்படிக்கையின் முன்வரலாறு

போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ராஃபேல் லெம்கின், இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொலையைக் குறிக்கும் இலத்தீன் ஈற்றையும் இணைத்து 1944 இல் வெளியிட்ட நூலில் ‘ஜெனோசைட்’ என்னும் சொல்லை உருவாக்கினார். இக்குற்றம் பற்றிய தீர்மானத்தை 1946 இல் ஐ.நா. பொது அவையில் முன்மொழிந்த நாடுகள் மூன்று: கியூபா, இந்தியா, பனாமா. அத்தீர்மானத்தின் தொடர்ச்சியாக 1948 டிசம்பர் 9 அன்று பொது அவை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. அமெரிக்கா இரண்டு நாள்களில் கையெழுத்திட்டது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1949 சூனில் அதனைச் செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பினார்.

அங்கு எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்க வழக்கறிஞர் கழகம் அவ்வாண்டே உடன்படிக்கையை ஏற்க மறுத்தது. தென்மாநில உறுப்பினர்கள், கறுப்பின மக்கள்மீதான கும்பற் கொலைகளும் இனப் பாகுபாட்டுச் சட்டங்களும் இதன்வழிக் கேள்விக்குள்ளாகும் என்று அஞ்சினர். வில்லியம் பேட்டர்சன், பால் ராப்சன் ஆகியோர் அமெரிக்க அரசின்மீது இனப்படுகொலைக் குற்றம் சாட்டி 1951 இல் ஐ.நா.வுக்கு அளித்த முறையீடு அவ்வச்சத்தை மிகுவித்தது. 1953 இல் ஐசனோவர் அரசு இதனை வற்புறுத்தப்போவதில்லை என்று அறிவித்தது.

செனட்டின் நடைமுறை ஒன்று இங்குக் கருதத்தக்கது. சட்ட முன்வரைவுகள் நாடாளுமன்றத்தின் ஈராண்டுக் காலம் முடிந்ததும் காலாவதியாகும். உடன்படிக்கைகளோ குழுவின் முன் தொடர்ந்து நிலுவையில் இருக்கும். எனவே இவ்வுடன்படிக்கை தோற்கடிக்கப்படவும் இல்லை, ஏற்கப்படவும் இல்லை. அதற்குப் பகையாக நின்றது எதிர்வாக்கைக் காட்டிலும் மறதியே என்று கூறலாம்.

3,211 உரைகள்

1967 சனவரி 11 அன்று பிராக்ஸ்மயர், உடன்படிக்கை ஏற்கப்படும்வரை அவை கூடும் ஒவ்வொரு நாளும் அதுபற்றிப் பேசுவதாக அவையில் அறிவித்தார். பத்தொன்பது ஆண்டுகள் அதனைக் கடைப்பிடித்தார். உரைகள் சுருக்கமானவை. நாசிகளின் கொடுமைகள், உடன்படிக்கை பற்றிய தவறான எண்ணங்களுக்கு மறுப்பு, அன்றாட உலக நிகழ்வுகள் எனப் பொருள் மாறினும் கோரிக்கை மாறவில்லை. இக்காலத்திலேயே 1971 இல் கிழக்கு வங்கத்திலும், 1972 இல் புருண்டியிலும், 1975 முதல் 1979 வரை கம்போடியாவிலும் பெருங்கொலைகள் நிகழ்ந்தன. உடன்படிக்கைக்கான தேவையை அவர் புதிதாகப் புனைய வேண்டியிருக்கவில்லை.

உரைகளின் விளைவு உடனடியாகத் தோன்றவில்லை. 1970 இல் நிக்சன் உடன்படிக்கைக்கு ஆதரவு தெரிவித்தார். அயலுறவுக் குழுவும் பலமுறை பரிந்துரைத்தது. எனினும் 1974 இல், எதிர்ப்பாளரின் நீள்பேச்சை முடிவுக்குக் கொண்டுவந்து வாக்கெடுப்பு நடத்தும் முயற்சி தோற்றது. 1976 இல் வழக்கறிஞர் கழகம் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. 1984 செப்டம்பரில் ரீகன் ஆதரவு அறிவித்தார். 1985 மே மாதம் அவர் மேற்கு செருமனியின் பிட்பர்க்கில், நாசிகளின் ஆயுதப் படைப்பிரிவினரும் புதைக்கப்பட்டிருந்த இடுகாட்டுக்குச் சென்றது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அக்கண்டனத்தைத் தணிக்கும் தேவையே ரீகன் அரசு உடன்படிக்கையில் அக்கறை காட்டக் காரணமாயிற்று என்று சமந்தா பவர் 2002 இல் வெளியிட்ட ஆய்வு நூலில் கருதுகிறார். 1986 பிப்ரவரி 19 அன்று செனட் 83–11 என்ற வாக்குகளில் ஒப்புதல் அளித்தது.

ஆகவே உரைகளே உடன்படிக்கையை வென்றெடுத்தன என்பது மிகைக்கூற்றாகும். அரசியல் நெருக்கடி ஒன்று வாய்ப்பை உருவாக்கியது. ஆயின் வாய்ப்பு வந்தபோது பொருள் அவையின் நினைவில் இருந்தது. எதிர்வாதங்கள் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி ஏற்கெனவே அவைக்குறிப்பில் பதிவாகியிருந்தது. உரைகளின் பயன் இதுவே என்று கொள்ளலாம்.

சேர்க்கப்பட்ட சொற்கள்

ஒப்புதல் நிபந்தனைகளோடு வந்தது. லூகர், ஹெல்ம்ஸ், ஹேட்ச் ஆகிய உறுப்பினர்களின் முயற்சியால் இரண்டு விலக்குக் கூற்றுகளும் ஐந்து பொருள்விளக்கங்களும் ஓர் அறிவிப்பும் இணைக்கப்பட்டன. நாடுகளுக்கிடையிலான வழக்குகளை அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வகைசெய்யும் ஒன்பதாம் பிரிவு, ஒவ்வொரு வழக்கிலும் அமெரிக்காவின் தனி இசைவு இருந்தாலன்றி அதனைக் கட்டுப்படுத்தாது என்பது முதல் விலக்கு. அமெரிக்க அரசியலமைப்பு தடைசெய்யும் எதையும் உடன்படிக்கை வேண்டாது என்பது இரண்டாவது.

பொருள்விளக்கங்கள் சொல் நிலையில் நுட்பமானவை. ஒரு குழுவை ‘முழுமையாகவோ பகுதியாகவோ’ அழிக்கும் நோக்கம் என்பது மூலத்தின் தொடர். செனட் அதனை ‘முழுமையாகவோ கணிசமான பகுதியாகவோ’ எனப் பொருள்கொண்டது. மூலம் கூறும் ‘உள்ளத்துக்கு விளைக்கும் கேடு’ என்பது மருந்து, சித்திரவதை முதலிய வழிகளால் மனத்திறன் நிலையாகக் கெடுவதை மட்டுமே குறிக்கும் எனச் சுருக்கியது. ஓர் அடைமொழி குற்றத்தின் எல்லையையே மாற்றவல்லது என்பதற்கு இது தக்க சான்று.

விலக்கின் விளைவு 1999 இல் வெளிப்பட்டது. நேட்டோ குண்டுவீச்சுக்கு எதிராக யூகோசுலாவியா தொடுத்த வழக்கில், அமெரிக்காவுக்கு எதிரான பகுதியை அனைத்துலக நீதிமன்றம் ஒன்பதாம் பிரிவு மீதான விலக்கின் அடிப்படையில் பட்டியலிலிருந்து நீக்கியது. அக்குற்றச்சாட்டு நிற்குமா என்பது வேறு வினா. வழக்கே கேட்கப்படாதவாறு 1986 இன் சொற்கள் தடுத்தன என்பதே இங்குக் கருதத்தக்கது.

எனினும் ஏற்பு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. உள்நாட்டில் இனப்படுகொலையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் 1988 நவம்பர் 4 அன்று ரீகனின் கையெழுத்தைப் பெற்றது. அதற்குப் பிராக்ஸ்மயர் சட்டம் என்றே பெயரிடப்பட்டது. அதன் பின்னரே, நவம்பர் 25 அன்று, அமெரிக்கா ஏற்பு ஆவணத்தை ஐ.நா.வில் அளித்தது.

பிற சட்டப்பணிகள்

பிராக்ஸ்மயரின் சட்டப்பணியில் மிகுதியும் வங்கித்துறை, நுகர்வோர் நலன் சார்ந்தது. கடனுக்கு உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்பதைக் கடன் கொடுப்போர் வெளிப்படுத்த வேண்டும் என்ற முன்வரைவை 1960 முதல் பால் டக்ளஸ் என்னும் உறுப்பினர் முன்னெடுத்துவந்தார். 1966 தேர்தலில் அவர் தோற்றபின் அப்பொறுப்பைப் பிராக்ஸ்மயர் ஏற்றார். 1968 இல் அது சட்டமாயிற்று. தம்மைப் பற்றிய கடன் பதிவிலுள்ள பிழையை எதிர்த்துக் கேட்கும் உரிமையை 1970 சட்டம் மக்களுக்கு அளித்தது. ஏழைகளும் கறுப்பினத்தவரும் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் பிரித்து வங்கிகள் கடன் மறுத்துவந்த வழக்கத்துக்கு எதிராக, வீட்டுக்கடன் விவரங்களை வெளியிடச் செய்யும் சட்டம் 1975 இலும், வட்டாரத்தின் கடன் தேவைகளை நிறைவுசெய்யும் கடமையை வங்கிகளுக்கு நினைவுறுத்தும் சட்டம் 1977 இலும் வந்தன. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு அமெரிக்க நிறுவனங்கள் கையூட்டு அளிப்பதைத் தடைசெய்யும் 1977 சட்டத்திலும் அவருக்கு முதன்மைப் பங்குண்டு.

இச்சட்டங்களுக்கும் உடன்படிக்கைக்கும் இடையே ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. மறைந்திருப்பதை வெளிப்படுத்தி ஏட்டில் பதியச் செய்தல் என்பதே அது. வட்டி விகிதமாயினும் படுகொலையாயினும், பதிவு செய்யப்பட்டதை எளிதில் புறக்கணிக்க இயலாது என்ற நம்பிக்கை அவருடைய பணி முழுவதும் ஊடாடி நிற்கிறது.

அவைக்கு வெளியே சொல்

அதே உறுப்பினரின் சொல் தவறியதும் உண்டு. 1975 முதல் 1988 வரை அரசுப் பணத்தை வீணாக்குவோர்க்கு எனத் ‘தங்கக் கம்பளி’ என்னும் எள்ளல் விருதை அவர் மாதந்தோறும் அறிவித்துவந்தார். படைத்துறைச் செலவுகளை அம்பலப்படுத்த அது உதவியது. ஆனால் ஆய்வின் தலைப்பை மட்டும் கொண்டு அதன் தகுதியை எள்ளிய இடங்களும் பல. விலங்குகளின் சினம் பற்றி ஆராய்ந்த அறிஞர் ஒருவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். அவையில் பேசுவதற்கு உள்ள பாதுகாப்பு, அவைக்கு வெளியே அனுப்பும் செய்தி மடலுக்கும் அறிக்கைக்கும் இல்லை என்று 1979 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிராக்ஸ்மயர் 10,000 டாலர் அளித்து வழக்கை முடித்துக்கொண்டதோடு அவையில் விளக்கமும் தந்தார். வேற்றுலக அறிவுயிர்த் தேடலையும் அவர் முதலில் எள்ளினார். வானியலாளர் கார்ல் சேகன் நேரில் விளக்கியபின் எதிர்ப்பைக் கைவிட்டார். பிறர் செலவைக் கண்டித்த அவர் தம் மாநிலப் பால் உற்பத்தியாளர்க்கான விலை ஆதரவைத் தொடர்ந்து காத்தார் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

இரண்டு வகைச் சொற்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். உடன்படிக்கை உரைகள் மறுமொழிக்கு இடம் தந்தன. எதிர்வாதத்தைக் கேட்டு விடையளித்தன. விருது அறிவிப்புகளில் எள்ளப்பட்டவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இந்திய நோக்கு

1946 தீர்மானத்தை முன்மொழிந்த நாடுகளுள் ஒன்றான இந்தியா, 1959 ஆகஸ்ட் 27 அன்றே, பிராக்ஸ்மயரின் முதல் உரைக்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, உடன்படிக்கையை ஏற்றது. மறுநாள் லெம்கின் காலமானார். ஒன்பதாம் பிரிவில் இந்தியாவும் விலக்குக் கொண்டுள்ளது. ஆனால் உடன்படிக்கையைச் செயற்படுத்தத் தேவையான சட்டங்களை உறுப்பு நாடுகள் இயற்ற வேண்டும் என்னும் ஐந்தாம் பிரிவுக்கேற்ப இனப்படுகொலையைத் தனிக்குற்றமாக்கும் சட்டம் இந்தியாவில் இயற்றப்படவில்லை. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான வழக்கில் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்த தில்லி உயர் நீதிமன்றம் இக்குறையைச் சுட்டி, அதனை நீக்க வேண்டும் என்றது. 2024 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்குற்றம் இடம்பெறவில்லை.

அமெரிக்கா நாற்பது ஆண்டுகள் தயங்கி, நிபந்தனைகளோடு ஏற்று, சட்டம் இயற்றியது. இந்தியா விரைந்து ஏற்று, சட்டம் இயற்றாது விட்டது. முன்னதில் ஏற்பு தாழ்ந்தது. பின்னதில் நிறைவேற்றம் தாழ்ந்தது. ஏற்கப்பட்டுவிட்ட ஒன்றைப் பற்றி நாள்தோறும் பேச யாரும் முன்வருவதில்லை என்பதால் பின்னைய நிலை மறதிக்கு மேலும் இடந்தருகிறது.

முடிவுரை

பிராக்ஸ்மயரின் உரைகள் தனித்து வெற்றி பெறவில்லை. பெற்ற வெற்றியும் குறையுடையது. ஆயினும் நிலுவையில் கிடந்த ஒரு பொருளை அவையின் நினைவிலிருந்து நீங்காமல் காத்தமையால் அவை பயனுடைய சொல்லாயின. அவையில் மறுமொழிக்கு உட்பட்டு நின்றவரை அவருடைய சொல் வலிமை பெற்றது. மறுமொழிக்கு அப்பால் சென்றபோது பிழைத்தது. அவையில் சொல்லப்படும் சொல்லின் பயனை அளக்க இயற்றப்பட்ட சட்டங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதும், நிறைவேறாதவற்றைத் தொடர்ந்து நினைவுறுத்துவதும் சட்டப்பணியின் ஒரு பகுதியே என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன.