இரண்டு பீப்பாய்கள்: 'புதையல் தீவு' நாவலின் நிலைபேறு குறித்து ஓர் ஆய்வு

ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் இயற்றிய 'புதையல் தீவு' என்னும் நாவல், 1883ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காசல் நிறுவனத்தாரால் லண்டனில் புத்தக உருவில் பிரசுரிக்கப்பெற்றது. அன்று தொட்டு இன்றளவும் சிறுவர்களும் முதியோர்களும் அதை விரும்பிப் படித்து வருவதன் காரணம் யாது என்று வினவினால், கடற்கொள்ளைக்காரர்கள், வரைபடம், மண்ணில் புதைத்த தங்கம் என்று எவரும் தயங்காது விடை கூறிவிடுவர். ஆனால் இவை யாவும் ஸ்டீவன்ஸனுக்கு முன்பே சிறுவர் ஏடுகளில் மலிந்து கிடந்த சரக்குகளேயாம். தாம் பட்ட கடன்களை மறைக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. கிளியை டீஃபோவின் 'ராபின்ஸன் குரூஸோ'விலிருந்தும், திசை காட்டும் எலும்புக்கூட்டை எட்கர் ஆலன் போவிடமிருந்தும், மரவேலிக் கோட்டையைக் காப்டன் மாரியட்டின் நாவலிலிருந்தும், விடுதியில் வந்து தங்கும் முரட்டு மாலுமியை வாஷிங்டன் இர்விங்கிடமிருந்தும் தாம் எடுத்துக்கொண்டதாக 1894ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையில் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். பண்டங்கள் இரவலாக இருக்க, பாகம் மட்டும் புதிதாக அமைந்தது எங்ஙனம்? கதைக்குள் வரும் சிறுவனுக்கும் அவனைச் சூழ்ந்த பெரியோர்களுக்கும் உள்ள உறவைச் சாகசக் கதையின் சரித்திரத்தில் படிப்படியாக நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

உபதேசத்தின் காலம்

இச்சரித்திரம் 1719ஆம் ஆண்டு வெளிவந்த 'ராபின்ஸன் குரூஸோ'வில் தொடங்குகிறது. அந்நாவலின் ஆரம்பத்திலேயே, யார்க் நகரத்து முதிய தந்தை தம் மகனை அருகழைத்து, செல்வத்தின் செருக்கும் வறுமையின் துன்பமும் அற்ற நடுத்தர வாழ்வே சுகவாழ்வு என்று எடுத்துரைக்கிறார். மகன் கேளாமல் கடலேறுகிறான். பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆளரவமற்ற தீவில் கிடந்து உழலும்போது, தந்தை சொல்லை மீறிய பாவத்தின் பலனையே தான் அனுபவிப்பதாகக் கருதி அவன் பல முறை நைந்து வருந்துகிறான். படிப்பவர்கள் ருசிப்பது என்னவோ அவன் தீவில் குடில் அமைப்பதையும் ஆடு வளர்ப்பதையுந்தான். எனினும் கதையின் தர்மம், கீழ்ப்படியாமைக்குத் தண்டனை என்பதே.

டீஃபோ தம் நூலைச் சிறுவருக்கென்று எழுதவில்லை. அதைச் சிறுவர்க்குரியதாக மாற்ற முனைந்த பின்னோர், தண்டனைக்கு இடம் வைக்காமல், தீவுக்குத் தந்தையையும் உடன் அனுப்பிவைத்தனர். ஸ்விட்ஜர்லாந்து தேசத்துப் பாதிரியாரான யோஹான் டேவிட் வீஸ் எழுதி 1812இல் ஜெர்மன் மொழியில் வெளியான 'ஸ்விஸ் குடும்ப ராபின்ஸன்' கதையில், கப்பல் உடைந்து கரையேறிய நான்கு பிள்ளைகளுக்கு அவர்களுடைய தந்தை விலங்கையும் மரத்தையும் காட்டிக் காட்டிப் பாடம் நடத்துகிறார். தீவு பள்ளிக்கூடமாகிவிடுகிறது.

அந்நூலில் மலிந்திருந்த பூகோளப் பிழைகளையும் கப்பல் விஷயமான அறியாமையையும் கண்டு பொறாத கடற்படைக் காப்டன் மாரியட், 1841-42இல் 'மாஸ்டர்மன் ரெடி' என்னும் நாவலை எழுதினார். அதன் இறுதிக் கட்டம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. காட்டுமிராண்டிகள் தீவை முற்றுகையிட, குடும்பத்தினர் மரவேலிக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொள்கின்றனர். தாகம் எடுத்த நேரத்தில் பார்த்தால், உள்ளே சேமித்து வைத்த தண்ணீர்ப் பீப்பாய் வெறுமையாக இருக்கிறது. கிணற்றுக்கு நடக்கச் சோம்பிய சிறுவன் டாமி, அதற்கு முன்பே பீப்பாயின் குழாயைத் திறந்து பிடித்துப் பிடித்து நீரைத் தீர்த்துவிட்டிருக்கிறான். தண்ணீர் கொண்டுவர இருளில் வெளியே சென்ற கிழமாலுமி ரெடி, ஈட்டியால் குத்துண்டு உயிர் துறக்கிறார். சொன்ன சொல் கேளாத பிள்ளையின் குற்றத்துக்கு ஒரு நல்லவர் பலி! இந்தக் காலிப் பீப்பாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பீப்பாய் வரவிருக்கிறது.

பெரியோர் இல்லாத தீவு

1857இல் ஸ்காட்லாந்துக்காரரான பாலண்டைன் எழுதிய 'பவளத் தீவு' அடுத்த படி. இதில்தான் பெரியோர் எவரும் உடனில்லாமல் ஜாக், ரால்ஃப், பீட்டர்கின் என்னும் மூன்று இளைஞர்கள் தனித்துக் கரையேறுகின்றனர். தென்கடலை நேரில் கண்டறியாத ஆசிரியர், தம் நாட்டுக் கடையில் விற்கும் மட்டையுரித்த தேங்காயை மனத்தில் வைத்துக்கொண்டு, மரத்துக் காயைப் பேனாக்கத்தியால் துளைத்து இளைஞர்கள் இளநீர் பருகுவதாக எழுதிவிட்டார். மட்டையின் தடிப்பையும் நாரின் பிடிவாதத்தையும் அறிந்த தென்னை நாட்டு வாசகர் இவ்விடத்தில் நகைக்காமல் இருக்க முடியாது. பிழையைப் பிறர் சுட்டிக் காட்டியதும், இனி நேரில் கண்ட இடங்களைப் பற்றியே எழுதுவதென்று பாலண்டைன் உறுதி பூண்டார்.

தேங்காயிலுள்ள பிழையைக் காட்டிலும் மனோபாவத்திலுள்ள பிழை பெரிது. இவ்விளைஞர்கள் உருவில் சிறியோராயினும் உள்ளத்தில் சாம்ராஜ்யத்தின் பிரதிநிதிகளாகவே விளங்குகின்றனர். அவர்களுக்கு ஐயம் எழுவதில்லை. நல்லவர் யார், தீயவர் யார் என்பது முன்னரே தீர்ந்துபோன விஷயம். முடிவில் தீவினர் கிறிஸ்துவ மதம் தழுவி விக்கிரகங்களை எரிக்க, கதை நிறைவு பெறுகிறது. தந்தை தீவை விட்டு அகன்றாலும் அவருடைய உபதேசம் பிள்ளைகளின் நாவில் குடியேறிவிட்டது.

ப்ரேமர் வீட்டில் ஒரு மழைக்காலம்

ஸ்டீவன்ஸன் 1850இல் எடின்பரோ நகரில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ராபர்ட் ஸ்டீவன்ஸன், பெல் ராக் கலங்கரை விளக்கத்தைக் கட்டிப் புகழ்பெற்ற பொறியியலாளர். தந்தை தாமஸும் அதே தொழிலில் பேர் பெற்றவர். குலத்தொழிலைத் தம் ஒரே மகனும் ஏற்பான் என்று தாமஸ் எதிர்பார்த்திருக்க, மகனோ 1871இல் அதைக் கைவிட்டார். அதற்கு ஈடாகப் பயின்ற சட்டத்தையும் தொழிலாகக் கொள்ளவில்லை. மத நம்பிக்கை பற்றித் தந்தையோடு கடுமையாகப் பிணங்கினார். 1879இல் பெற்றோரின் சம்மதம் பெறாமலே, தாம் நேசித்த ஃபானி ஆஸ்போர்ன் என்னும் மாதரசியைத் தேடிக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். மறு ஆண்டு விவாகம் நடந்தேறியது; தந்தையும் மகனும் மீண்டும் மனம் ஒன்றினர்.

இந்தப் பின்னணியோடு நோக்கினாலன்றி 1881ஆம் ஆண்டுக் கோடையில் ப்ரேமர் கிராமத்து வீட்டில் நிகழ்ந்ததன் சுவை விளங்காது. ஓயாத மழையால் அடைபட்டுக் கிடந்த அவ்வீட்டில், ஃபானியின் மகனான லாயிட் என்னும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன் வர்ணப்பெட்டியோடு பொழுது போக்கிக்கொண்டிருந்தான். அவனுடன் அமர்ந்த ஸ்டீவன்ஸன் ஒரு தீவின் படத்தை வரைந்து வர்ணம் தீட்டினார். அதை உற்று நோக்க நோக்க, கற்பனைக் காடுகளுக்கிடையே மனிதர்கள் தலை காட்டத் தொடங்கினர். காலையில் ஓர் அத்தியாயம் எழுதுவது, பகலுணவுக்குப் பின் குடும்பத்தார் முன் அதைப் படித்துக் காட்டுவது என்று பதினைந்து நாட்களில் பதினைந்து அத்தியாயங்கள் உருவாயின. பெண்பாத்திரங்கள் வேண்டாம் என்பது நிபந்தனை. கதையைச் சொல்லும் சிறுவன் ஜிம்மின் தாய் மட்டுமே விலக்கு.

லாயிடைக் காட்டிலும் மிகுந்த உற்சாகத்தோடு கேட்டவர் கிழவர் தாமஸ்! பில்லி போன்ஸ் என்னும் மாலுமியின் பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்தபோது, அதனுள் இருக்கவேண்டிய சாமான்களின் ஜாபிதாவை ஒரு வழக்குக் காகித உறையின் பின்புறத்தில் நிதானமாக எழுதிக் கொடுத்தவர் அவரே. புதையலைப் புதைத்த கொள்ளைக்காரன் காப்டன் ஃப்ளிண்டின் கப்பலுக்கு 'வால்ரஸ்' என்று பெயரிட்டதும் அவர் விருப்பப்படியே. பிற்பாடு அச்சுக்கு அனுப்பிய மூல வரைபடம் காணாமற்போக, தாமஸின் அலுவலகத்தில் புதுப்படம் தயாரித்தபோது, ஃப்ளிண்டின் கையொப்பத்தைத் தம் கைத்திறத்தால் போலியாக இட்டுத் தந்தவரும் அவர்தாம். மகனுக்குப் பாதை வகுத்துக் கொடுத்துத் தோற்ற தந்தை, மகன் வகுத்த விளையாட்டில் தாமே ஒரு பிள்ளையாக வந்து சேர்ந்துகொண்டார். பதினாறாம் அத்தியாயத்தில் தடைப்பட்ட கதை, அவ்வாண்டின் பிற்பகுதியில் ஸ்விட்ஜர்லாந்தின் டாவோஸ் நகரில் மீண்டும் சுரந்து முடிவுற்றது.

ஆப்பிள் பீப்பாய்

நாவலின் நடுநாயகமான நிகழ்ச்சி பதினோராம் அத்தியாயத்தில் வருகிறது. கப்பல் தீவை நெருங்கும் மாலை வேளையில், ஆப்பிள் ஒன்று எடுக்க எண்ணிய ஜிம் ஹாக்கின்ஸ், பழங்கள் ஏறக்குறையத் தீர்ந்துபோன பீப்பாய்க்குள் இறங்குகிறான். அலையின் தாலாட்டில் அவன் கண்ணயரும் தறுவாயில், கனத்த மனிதன் ஒருவன் வந்து பீப்பாயின் மேல் சாய்கிறான். அவன்தான் ஒற்றைக்கால் சமையற்காரன் லாங் ஜான் சில்வர். ஜிம்மைத் தோழனாகப் பாவித்துக் கொண்டாடிய இனிய சுபாவத்தினன். கலகம் செய்து எசமானர்களைக் கொல்லும் சதி வெளியாகிறது. ஆனால் அதற்கும் முன்னே ஜிம்மின் நெஞ்சைச் சுட்டது வேறொன்று: தன்னை எந்தச் சொற்களால் சில்வர் புகழ்ந்தானோ அதே சொற்களால் இப்போது வேறோர் இளைஞனைப் புகழ்கிறான். முடியுமாயின் பீப்பாய்ப் பலகையினூடே அவனைக் கொன்றிருப்பேன் என்று ஜிம் எண்ணுகிறான். அபாயத்தை அறிந்த அச்சத்தினும், அன்பென்று நம்பியது நடிப்பென்று அறிந்த அவமானம் முந்திக்கொள்கிறது. சிறுவனின் இதயத்தை அறிந்தவரே இவ்வரிசையில் எழுத முடியும்.

மாரியட்டின் பீப்பாய் சிறுவனுடைய குற்றத்துக்குச் சாட்சி. ஸ்டீவன்ஸனின் பீப்பாய் அவன் அறிவு பெறும் இடம். இதன்பின் ஜிம் செய்யும் ஒவ்வொரு நற்காரியமும் கட்டளையை மீறிச் செய்ததே. அனுமதியின்றிக் கலகக்காரர்களின் படகில் தாவிக் கரையேறியதனால் தீவில் கைவிடப்பட்ட மாலுமி பென் கன்னைக் காண்கிறான். காவலை விட்டு நழுவியதனால் கப்பலை மீட்கிறான். பெரியோர்களோ, புதையல் ரகசியத்தைப் பிரிஸ்டல் நகரமெங்கும் உளறிய, பயண ஏற்பாட்டாளரான ட்ரெலானிப் பிரபு முதலாகப் பிழை மேல் பிழை புரிகின்றனர்.

ஆயினும் இது கட்டுப்பாடற்ற போக்கைப் பாராட்டும் கதையன்று. கலகக்காரர் கையில் சிக்கிய ஜிம், ஓடிப்போவதில்லை என்று சில்வருக்கு வாக்களிக்கிறான். எசமானர் தரப்பிலிருந்து பேச வந்த டாக்டர் லிவ்ஸி, வேலியைத் தாண்டி வா, பழி என்னைச் சேரட்டும் என்று கலங்கி அழைக்கிறார். ஜிம் மறுத்துவிடுகிறான், தாங்களே இத்தகைய காரியத்தைச் செய்யமாட்டீர்களே என்று அவருக்கே நினைவூட்டுகிறான். உபதேசம் செய்யும் ஸ்தானத்திலிருந்த பெரியவர் தர்மத்தினின்று வழுவ, கொள்ளைக்காரனுக்குக் கொடுத்த வாக்கைச் சிறுவன் காக்கிறான். நீதி கதையிலிருந்து மறைந்துவிடவில்லை. பெரியோர் வாயிலிருந்து இறங்கிச் சிறுவன் நெஞ்சில் வந்து அமர்ந்துவிட்டது.

சில்வரின் பாத்திரமும் இதற்கே துணை செய்கிறது. காசநோயால் ஒரு காலை இழந்தும் உற்சாகம் குன்றாத கவிஞர் ஹென்லியின் வலிமையை நினைவிற்கொண்டே ஸ்டீவன்ஸன் சில்வரைச் சிருஷ்டித்தார். கொலைக்கு அஞ்சாதவன், எனினும் தைரியசாலி; நொடிக்கு நொடி கட்சி மாறுபவன், எனினும் ஜிம்மிடம் ஏதோ ஓர் அபிமானம் உடையவன். இவனை வெறுப்பதா விரும்புவதா என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தப் பொறுப்பு ஜிம்முக்கும், அவன் வழியே நமக்கும் விடப்பட்டிருக்கிறது.

வரவேற்பும் வழித்தோன்றல்களும்

'யங் ஃபோக்ஸ்' என்னும் சிறுவர் வார இதழில், காப்டன் ஜார்ஜ் நார்த் என்ற புனைபெயருடன், 1881 அக்டோபர் முதல் 1882 ஜனவரி வரை தொடர்கதையாக வந்தபோது இது எவர் கவனத்தையும் கவரவில்லை. வீரதீரச் செயல்களுக்குப் பழகிய அவ்விதழின் வாசகர்கள், 1883இல் ஸ்டீவன்ஸன் அவர்கள் ருசிக்கேற்ப எழுதிய 'கறுப்பு அம்பு' கதையையே பெரிதும் வரவேற்றனர். புத்தகமாக வெளிவந்த பின்னரே நிலைமை மாறியது. பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் இரவு நெடுநேரம் கண்விழித்து அதைப் படித்தார் என்ற செய்தி பிரசித்தமாயிற்று. தாம் குழந்தையாக இருந்ததுண்டு, புதையல் தேடிச் சென்றதில்லை என்று நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் எழுத, புதையல் தேடாதவர் குழந்தையாகவே இருந்திருக்க முடியாது என்று ஸ்டீவன்ஸன் 1884இல் விடையிறுத்தார்.

விதை பல நிலங்களில் விழுந்தது. இதைப் போன்றதொரு கதையை எழுத முடியுமா என்று சகோதரரோடு பந்தயம் கட்டிய ரைடர் ஹக்கர்ட், 1885இல் 'சாலமன் அரசனின் சுரங்கங்கள்' நாவலை வெளியிட்டார்; வரைபடத்தை எடுத்துக்கொண்ட அவர் சிறுவனை விட்டுவிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவில் மார்க் ட்வெய்ன் படைத்த ஹக்கிள்பெரி ஃபின், அடிமையைக் காட்டிக்கொடுக்க மறுத்து, சமூகம் கற்பித்த தர்மத்தையே மீறுகிறான். ஜிம் ஹாக்கின்ஸுக்கு உண்மையான உடன்பிறப்பு அவனே. 1954இல் வில்லியம் கோல்டிங், 'பவளத் தீவு' இளைஞர்களின் பெயர்களாகிய ரால்ஃப், ஜாக் என்பவற்றையே தம் சிறுவர்களுக்குச் சூட்டி, பெரியோரற்ற தீவில் கொலை விளைவதை 'ஈக்களின் அதிபதி'யில் காட்டினார். அவர் தகர்த்தது பாலண்டைனின் தீவை. ஜிம்மின் தீவில் தகர்ப்பதற்கு அத்தகைய களங்கமின்மை முதலிலேயே கிடையாது.

முடிவுரை

கதையின் இறுதியில் சில்வர், முந்நூறோ நானூறோ கினி கொண்ட ஒரு பையைத் திருடிக்கொண்டு இரவோடிரவாக ஓடிவிடுகிறான். இவ்வளவு மலிவாக அவன் தொலைந்தானே என்று எல்லோரும் மகிழ்வதாக ஜிம் எழுதுகிறான். அவன் தூக்குமேடைக்குத் தப்பினானே என்று வாசகரும் உள்ளுக்குள் மகிழ்கின்றனர். அவர்கள் சென்ற கப்பலின் தலைவரான காப்டன் ஸ்மாலெட்டோ, ஜிம் நல்ல பையன்தான், ஆயினும் இனி நாம் இருவரும் சேர்ந்து கடலேறப்போவதில்லை என்று கூறிவிடுகிறார். ஒழுங்கைப் பேணும் மாலுமிக்கு இத்தகைய சிறுவனோடு ஒத்துப்போவது அரிது என்பதை ஆசிரியர் ஒளிக்கவில்லை.

இவ்வளவும் அறிந்தபின் நூலின் முதல் வாக்கியத்துக்குத் திரும்பினால் அதன் பொருள் வேறாகிறது. ட்ரெலானிப் பிரபு, டாக்டர் லிவ்ஸி முதலியோர் கேட்டுக்கொண்டதனால் தான் இவ்விருத்தாந்தத்தை எழுதுவதாக ஜிம் அங்கே கூறுகிறான். தந்தை சொல்ல மகன் கேட்பதில் தொடங்கியது 'ராபின்ஸன் குரூஸோ'. இங்கே பெரியோர்கள் வேண்ட, கட்டளையை மீறிய சிறுவன் சொல்கிறான். தீவு இருக்குமிடத்தை மட்டும் அவன் சொல்வதில்லை, எடுக்கப்படாத வெள்ளிக் கட்டிகள் இன்னும் அங்கே கிடக்கின்றனவாம்.