ஒன்பது பேரா, பத்துப் பேரா? பேஸ்பாலில் ஒரு விதியும் அரை நூற்றாண்டு வழக்கும்

அமெரிக்க பேஸ்பாலின் விதிநூல், ஒன்பது பேர் கொண்ட இரு அணிகளுக்கு இடையே நிகழும் ஆட்டம் இது என்ற வரையறையோடு தொடங்குகிறது. 1973 ஏப்ரல் 6 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரான் ப்ளூம்பெர்க் மட்டையோடு வந்து நின்றபோது, உயர்நிலை ஆட்டமொன்றில் அந்த வரையறை முதன்முறையாகத் தளர்ந்தது. ப்ளூம்பெர்க் அன்று களத்தடுப்பில் எந்த இடத்திலும் நிற்கவில்லை. தம் அணியின் பந்தெறிவாளருக்குப் பதிலாக மட்டை பிடிப்பது மட்டுமே அவருடைய பணி. மூன்று தளங்களிலும் ஆள் நிற்க, பாஸ்டனின் லூயிஸ் தியாந்த் இலக்கு தவறி நான்கு பந்துகளை எறிந்தார். ப்ளூம்பெர்க் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து சென்றார், ஓர் ஓட்டமும் கிடைத்தது. அன்று அவர் பிடித்த மட்டை பின்னர் கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனை சாதுவான தொடக்கத்தைக் கொண்ட ‘டெசிக்னேட்டட் ஹிட்டர்’ விதி, அடுத்த அரை நூற்றாண்டுக்கு பேஸ்பால் ரசிகர்களை இரு கட்சிகளாகப் பிரித்து வைத்தது.

சிக்கலின் வேர் எளியது. பேஸ்பாலில் ஒன்பது பேரும் வரிசைப்படி மட்டை பிடிக்க வேண்டும். பந்தெறிவாளரோ சிறுவயது முதலே தம் தோளையும் மணிக்கட்டையும் எறிதலுக்கென்றே பழக்கியவர். கிரிக்கெட்டில் பதினோராம் எண் ஆட்டக்காரர் மட்டையோடு இறங்கும்போது காணப்படும் பரிதாபக் காட்சி, பேஸ்பாலில் ஒவ்வோர் ஒன்பதாம் முறையும் தவறாமல் அரங்கேறும். அதோடு, ஒருவரை வெளியே எடுத்து மாற்றாளை இறக்கினால், வெளியேறியவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் கால் வைக்க முடியாது. ஏழாவது இன்னிங்ஸ், அணி ஓர் ஓட்டம் பின்தங்கியிருக்கிறது, பந்தெறிவாளர் அற்புதமாக எறிந்துகொண்டிருக்கிறார், இப்போது மட்டை பிடிக்கும் முறை அவருடையது. அவரை எடுத்துவிட்டு நல்ல அடிப்பாளரை அனுப்புவதா, அவரையே வைத்துக்கொண்டு ஓர் அவுட்டை இழப்பதா? பழைய விதியின் ஆதரவாளர்கள் ஆட்டத்தின் உயிர் என்று கருதியது இந்தத் தர்மசங்கடத்தைத்தான். மேலாளரின் அறிவு சோதிக்கப்படும் அந்த நிமிடத்தில் அரங்கில் இருக்கும் ஒவ்வொரு ரசிகரும் மேலாளராகிவிடுவார். வீடு திரும்பும் வழியெல்லாம் தீராத வாதத்துக்கு அதுவே பொருள்.

மாற்றம் வேண்டும் என்ற யோசனை புதியதன்று. ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் அணியின் கான்னி மேக் 1906-லேயே இதை முன்வைத்தார். 1928-இல் நேஷனல் லீக் தலைவர் ஜான் ஹெய்ட்லர் இதே திட்டத்தை வலியுறுத்தினார். அப்போது அமெரிக்கன் லீக் மறுத்தது. பிற்காலத்தில் இரு லீக்குகளும் எந்தெந்தப் பக்கம் நின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இச்செய்தி ஒரு புன்னகையை வரவழைக்கும். மரபு என்று ஒரு தரப்பு நெஞ்சைத் தட்டிப் பேசியது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எதிர்த்தரப்பின் மரபாக இருந்தது.

யோசனை சட்டமானதற்குக் காரணம் கணக்குப் புத்தகம். 1968-ஆம் ஆண்டு ‘பந்தெறிவாளர்களின் ஆண்டு’ என்று வரலாற்றில் பதிவானது. செயின்ட் லூயிஸ் அணியின் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ஓட்டங்களையே விட்டுக்கொடுத்தார். அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்ற மட்டையாளரான கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரியே 0.301-தான். மறுஆண்டு எறிமேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. பந்து விழவேண்டிய எல்லையும் சுருக்கப்பட்டது. ஆயினும் 1972-இல் அமெரிக்கன் லீக்கின் மொத்த மட்டைச் சராசரி 0.239-இல் நின்றது. பார்வையாளர் எண்ணிக்கையில் நேஷனல் லீக்கைவிட அது பின்தங்கியிருந்தது. ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸின் உரிமையாளர் சார்லி ஃபின்லி, ரசிகர்கள் ஓட்டங்களைக் காண்பதற்கே வருகிறார்கள் என்று ஓயாது வாதிட்டார். கான்னி மேக்கின் அணிதான் ஊர் மாறி ஓக்லண்டுக்கு வந்திருந்தது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1973 ஜனவரியில் அமெரிக்கன் லீக் உரிமையாளர்கள் எட்டுக்கு நான்கு என்ற வாக்கில் விதியை மூன்றாண்டுச் சோதனையாக ஏற்றனர். நேஷனல் லீக் விலகி நின்றது. அவ்வாண்டே அமெரிக்கன் லீக்கின் சராசரி 0.259 ஆக உயர்ந்தது.

இதுவரை சொன்னது உரிமையாளர்களின் கதை. ரசிகர்களின் வாதத்துக்கு உயிர் கொடுத்தவை ஆட்களின் கதைகள். ஓர்லாண்டோ செப்பேடா ஒரு காலத்தில் நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றவர். 1972 முடிவில் அவருடைய முழங்கால்கள் ஏறக்குறைய பயனற்றுப் போயிருந்தன. ஓக்லண்ட் அவரை விடுவித்தது. களத்தில் ஓட முடியாத ஒருவருக்கு எந்த அணியும் இடம் தராது என்பது அன்றைய நிலை. சில வாரங்களில் விதி மாறியது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை இப்புதிய பணிக்கென்றே ஒப்பந்தம் செய்தது. அந்த ஏப்ரல் 6 ஆட்டத்தில் எதிரணியின் நியமன மட்டையாளராக நின்றவர் அவரே. அன்று ஒன்றும் சரியாக அமையவில்லை. ஆனால் ஆண்டு முடிவில் 20 ஹோம் ரன்களும் 0.289 சராசரியும் அவர் பெயரில் இருந்தன. மினசோட்டாவின் டோனி ஒலீவாவும் முழங்கால் சிதைந்தவர். இப்பணியில் நின்று முதல் ஹோம் ரன் அடித்தவர் என்ற பெருமை அவருடையது. விதிநூலில் சேர்ந்த ஒரு பத்தி, முடிந்துபோனவர்கள் என்று எழுதப்பட்ட மனிதர்களுக்குச் சில ஆண்டுகள் கூடுதல் வாழ்வும் ஊதியமும் தந்தது. ஆட்டக்காரர் சங்கம் பிற்காலத்தில் இவ்விதியை விட்டுத்தர மறுத்ததற்கும் அதுவே காரணம்: அனுபவம் மிகுந்த, நல்ல ஊதியம் பெறும் ஒருவருக்கான இடம் அது.

எதிர்த்தரப்பிலும் மனிதர்கள் இருந்தனர். நேஷனல் லீக் அணிகளின் 25 பேர் பட்டியலில், பந்தெறிவாளருக்குப் பதிலாக ஒரே ஒருமுறை மட்டை பிடிப்பதற்கென்றே காத்திருப்போர் உண்டு. இவர்களுக்குப் ‘பிஞ்ச் ஹிட்டர்’ என்று பெயர். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸின் மேனி மோட்டா இவ்வாறு வந்து 150 முறை வெற்றிகரமாக அடித்தவர். (இச்சொல் கிரிக்கெட்டுக்குக் குடிபெயர்ந்தபோது பொருள் மாறிவிட்டது. பேஸ்பாலில் மாற்றாளைக் குறித்தது, கிரிக்கெட்டில் விரைந்து ஓட்டம் சேர்க்க வரிசையில் முன்னே அனுப்பப்படும் அதிரடியாளரைக் குறிக்கலாயிற்று. மாற்று மட்டையாளர் என்ற வழக்கமே இல்லாத ஆட்டத்தில் அச்சொல்லுக்கு வேறு வேலை கிடைத்தது.) புதிய விதி வந்த இடத்தில் மோட்டா போன்றவர்களின் தேவை குறைந்தது. ஆகவே விதியைப் பற்றிய வாதம் எப்போதும் பட்டியலைப் பற்றிய வாதமாகவும் இருந்தது. இருபத்தைந்து நாற்காலிகளில் யாருக்கு ஒன்று, யாருக்கு இல்லை என்பதே அடிப்படை.

ஃபின்லி இதை மறுகோடி வரை இழுத்துச் சென்றார். நியமன மட்டையாளர் இருக்கலாமெனில் நியமன ஓட்டக்காரர் ஏன் கூடாது? 1974-இல் ஹெர்ப் வாஷிங்டன் என்ற தடகள வீரரை அணியில் சேர்த்தார். அவர் 105 ஆட்டங்களில் இடம்பெற்றார், 31 தளங்களைத் திருடினார், 33 ஓட்டங்கள் எடுத்தார். ஒருமுறைகூட மட்டை பிடிக்கவில்லை, களத்தடுப்பும் செய்யவில்லை. அவ்வாண்டின் உலகத் தொடரில், இறுதி இன்னிங்ஸின் நெருக்கடியான தருணத்தில், பந்தெறிவாளர் மைக் மார்ஷல் அவரைத் தளத்திலிருந்து விலகிய நிலையில் பிடித்து அவுட்டாக்கினார். 1975 மே மாதத்தில் அணி அவரை விடுவித்தது. தூய்மைவாதிகள் இன்றும் எடுத்துக்காட்டும் எச்சரிக்கைக் கதை இது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு: ஓட மட்டும் ஒருவர், அடிக்க மட்டும் ஒருவர், எறிய மட்டும் ஒருவர் என்றால் ‘ஆட்டக்காரர்’ என்ற பொதுச்சொல் எதைக் குறிக்கும்?

நேஷனல் லீக் ஏன் அத்தனை காலம் மறுத்தது என்ற கேள்விக்கு ரசிகர்கள் கொள்கையைப் பதிலாகச் சொல்வார்கள். ஆவணம் வேறொன்றைச் சொல்கிறது. 1980 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஐந்து, வாக்களிக்காதவை மூன்று. விதி அடுத்த ஆண்டே நடைமுறைக்கு வராது என்று கூட்டத்தில் தெரியவந்ததும், ஃபிலடெல்ஃபியா அணியின் துணைத்தலைவர் பில் ஜைல்ஸ் தம் உரிமையாளரிடம் கருத்துக் கேட்க முயன்றார். உரிமையாளர் மீன்பிடிக்கப் போயிருந்தார், தொடர்புகொள்ள இயலவில்லை. ஜைல்ஸ் வாக்களிக்காமல் இருந்தார். ஃபிலடெல்ஃபியா செய்வதையே செய்யுமாறு பணிக்கப்பட்டிருந்த பிட்ஸ்பர்க்கும் ஒதுங்கியது. அதன் பின்னர் மறுப்பு மெல்ல மெல்லக் கொள்கையாக, அடையாளமாக, நேஷனல் லீக் ரசிகரின் தன்மானமாக உருப்பெற்றது. மரபுகள் பலவும் இவ்வாறுதான் பிறக்கின்றன போலும்.

வாதம் கடைசியில் புகழ் மண்டபத்தின் வாசலுக்கும் வந்தது. சியாட்டிலின் எட்கர் மார்ட்டினெஸ் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை நியமன மட்டையாளராகவே கழித்தவர். 2010-இல் முதன்முறை பரிசீலிக்கப்பட்டபோது அவருக்குக் கிடைத்தது 36.2 விழுக்காடு வாக்கு, தேவை 75. களத்தில் நிற்காதவர் பாதி ஆட்டக்காரரே என்பது மறுத்தோரின் வாதம். வாய்ப்பின் கடைசி ஆண்டான 2019-இல்தான் அவர் தேர்வானார். அதே ஆண்டு, அதே வாக்குச்சீட்டில், யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா முதல் முயற்சியிலேயே நூறு விழுக்காடு வாக்கும் பெற்றார். அதுவரை எவருக்கும் கிடைக்காத பெருமை. ரிவேரா பெரும்பாலும் ஆட்டத்தின் கடைசி ஓர் இன்னிங்ஸ் மட்டும் எறிந்தவர். மட்டை பிடித்ததோ மிக அரிது. அவரை எவரும் பாதி ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. மார்ட்டினெஸுக்கு எதிரான வாதம் எத்தனை ஓரவஞ்சனையானது என்பதை இந்த ஒரு வாக்குச்சீட்டே காட்டிவிடுகிறது.

இந்திய வாசகருக்கு இவ்வழக்கு அந்நியமாகத் தோன்றாது. ஐ.பி.எல். 2023-இல் ‘இம்பாக்ட் பிளேயர்’ விதியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ரோகித் சர்மா, இவ்விதியால் வாஷிங்டன் சுந்தர், சிவம் துபே போன்றோர் பந்துவீசும் வாய்ப்பை இழக்கிறார்கள், ஆல்ரவுண்டர்களின் வளர்ச்சி தடைப்படுகிறது என்று வெளிப்படையாகக் குறை கூறினார். ஓட்டங்கள் பெருகியதும் பன்முகத் திறனாளர்கள் ஓரங்கட்டப்பட்டதும் ஒரே விதியின் இரு விளைவுகள்.

அமெரிக்காவில் தீர்ப்பு சந்தடியின்றி வந்தது. 2020-இல் பெருந்தொற்றால் சுருங்கிய பருவத்துக்கு மட்டும் இரு லீக்குகளும் விதியை ஏற்றன. 2021-இல் நேஷனல் லீக் பழையபடி திரும்பியது. அவ்வாண்டு பந்தெறிவாளர்களின் மட்டைச் சராசரி 0.110 அளவில் இருந்தது. 99 நாள் நீண்ட கதவடைப்புக்குப் பின் 2022 மார்ச்சில் உரிமையாளர்களும் சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், நியமன மட்டையாளர் இரு லீக்குகளுக்கும் நிரந்தரமானார். அதே ஆண்டு 26 பேர் பட்டியலில் பந்தெறிவாளர் 13 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பும் நடைமுறைக்கு வந்தது. 2023-இல் எறிதலுக்குக் கடிகாரம் வைக்கப்பட்டது. ஆட்டத்தின் சராசரி நேரம் ஏறத்தாழ 24 நிமிடம் குறைந்தது. அவற்றைப் பற்றிய சண்டைகள் நியமன மட்டையாளரைப் பற்றிய சண்டையளவுக்கு நீடிக்கவில்லை.

2022-இல் இன்னொரு திருத்தமும் சேர்ந்தது. ஒரே ஆள் பந்தெறிவாளராகவும் நியமன மட்டையாளராகவும் இறங்கலாம். எறிவதை நிறுத்திய பின்னும் அவர் மட்டையாளராகத் தொடரலாம். ஷோஹெய் ஓதானி என்ற ஒருவரை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டது என்பதை எல்லோரும் அறிவர். பந்தெறிவாளரால் மட்டை பிடிக்க முடியாது என்ற அடிப்படையில் பிறந்த விதி, இரண்டையும் செய்யும் ஒருவருக்காகத் திருத்தப்பட்டது. முழங்கைச் சிகிச்சையால் எறிய இயலாதிருந்த 2024-இல், ஓதானி மேனி மோட்டாவின் பழைய அணியான டாட்ஜர்ஸுக்காக மட்டை மட்டும் பிடித்தார்; 54 ஹோம் ரன்கள், 59 தளத் திருட்டுகள். நியமன மட்டையாளராகவே பருவம் முழுவதும் ஆடி ஒரு லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்ற முதல் மனிதர் அவர். அந்த லீக், 49 ஆண்டுகள் அவ்விடத்தையே ஏற்க மறுத்திருந்த நேஷனல் லீக்.